சர்க்கரைக் குப்பியும் ரீங்காரச் சிட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லைக்குச் சமீபமாக, அரிஸோனா மாகாணத்தைச் சேர்ந்த பட்டகோனியா என்ற சிற்றூர் ஒன்று இருக்கிறது. 1970-களில் அவ்வூரில் குடியேறிய வாலி பாட்டன், மாரியன் பாட்டன் என்ற தம்பதிகள், தங்கள் வீட்டுக் கொல்லையில் சர்க்கரை நீர் நிறைத்த குப்பிகளைத் தொங்கவிட்டார்கள். குப்பிகளை நாடி, ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச் சிட்டுகள் வந்தன. சிட்டுகளை நாடி மனிதர்கள் வந்தார்கள். தொலைநோக்கியும் கையுமாக வேலிக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முன்பின் அறியாதவர்களை அத்தம்பதிகள் சந்தேகிக்கவுமில்லை, விரட்டவுமில்லை; உள்ளே வந்து உட்கார்ந்தே பாருங்கள் என்று வாசற்கதவைத் திறந்துவிட்டு, பெஞ்சு போட்டு, நிழலுக்குப் பந்தலும் அமைத்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் விருப்பப்பட்டால் காசு போட்டுவிட்டுப் போவதற்குச் 'சர்க்கரை நிதி' என்று ஒரு தகர டப்பா மட்டும் தொங்கிற்று. அந்நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஊதாமுடிச் சிட்டு அந்தக் கொல்லையில் சர்வசாதாரணமாக வந்து போகும் என்ற செய்தி பறவை அன்பர்களிடையே பரவவே, உலகின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே யாத்திரை போலப் போகத் தொடங்கினார்கள். அவ்விருவரும் காலமான பின்பு, 2014-ஆம் ஆண்டில் பறவைப் பாதுகாப்புச் சங்கங்கள் சேர்ந்து அவ்வீட்டை விலைக்கு வாங்கின. அப்போது டூசான் ஆடுபான் சங்கம் என்று பெயர் கொண்டிருந்த அமைப்பின் நிர்வாகத்தில் இன்றும் அக்கொல்லை எவருக்கும் திறந்தே இருக்கிறது.

அமெரிக்கக் கண்டத்தில் இவ்வாறு குப்பி கட்டித் தொங்கவிடுகிற வீடுகள் லட்சக்கணக்கில் உண்டு. குடியேறி வாழும் நம்மவர் வீடுகளிலும் இவ்வழக்கம் பற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கென்று சில விதிகள் சொல்லப்படுகின்றன. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். தேன் கூடாது, வெல்லம் கூடாது, சாயம் கூடாது. இரண்டு மூன்று நாளைக்கொருமுறை கழுவ வேண்டும். இங்கே தொங்கவிடலாம், அங்கே கூடாது. காரணம் சொல்லாமல் வீட்டுப் பெரியவர்கள் விதிக்கும் ஆசாரங்களைப் போல இவை முதலில் தோன்றலாம். ஆனால் இவற்றுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் அந்தப் பறவையின் சரீர அமைப்பிலிருந்தே பிறந்தது. அதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்வோம். நம் ஊர்ச் செம்பருத்தியிலும் வாழைப் பூவிலும் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டைக் கண்டு, இதுதான் ஹம்மிங் பறவை என்று சொல்லுகிறவர்கள் படித்தவர்களிலும் பலர் உண்டு. இரண்டும் தேன் குடிக்கின்றன, இரண்டும் மின்னுகின்றன, இரண்டுக்கும் நீண்ட அலகு. உறவு என்னவோ கிடையாது. தேன்சிட்டு காகத்துக்கும் சிட்டுக்குருவிக்கும் தூரத்துப் பங்காளி. ரீங்காரச் சிட்டோ, நாளெல்லாம் ஆகாயத்திலேயே பறந்து திரியும் உழவாரன் குருவியின் இனத்துக்கு நெருங்கியது. அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் கடைக்கோடி வரையில் அதன் வகைகள் 350-க்கு மேல் வாழ்கின்றன. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர்த்து உலகில் வேறெங்கும் இன்று ஒன்றுகூட இல்லை. இன்று என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு ரீங்காரச் சிட்டின் எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்ததாக 2004-ஆம் ஆண்டில் ஜெரால்டு மயர் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டபோது, அதுவரையில் அமெரிக்காவுக்கே உரியதென்று எண்ணப்பட்ட வம்சத்தின் பூர்வீகத்தைப் பற்றி அறிஞர்கள் மறுபடியும் சிந்திக்கலானார்கள்.

இவ்வினத்தில் மிகச் சிறியது கியூபாத் தீவில் உள்ளது. அலகும் வாலும் சேர்த்து ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமும் சுமார் 2 கிராம் எடையும் உடைய அதுவே உலகத்துப் பறவைகள் அனைத்திலும் சிறியது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே, குஞ்சு பொரிப்பது ஒரே ஒரு வகைதான்: மாணிக்கக் கழுத்துச் சிட்டு. அதன் எடை சுமார் 3 கிராம். ஆணின் கழுத்து ஒரு கோணத்தில் கனல் துண்டம்போல் ஜொலிக்கும்; தலையைச் சற்றே திருப்பியதும் கரிபோலக் கறுத்துவிடும். நிறமியினால் மட்டும் உண்டாகும் வர்ணமாக இருந்தால் இப்படி மறைய வழியில்லை. இறகின் நுண்ணிழைகளில் காற்றுக் குமிழிகள் பொதிந்த மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, ஒளியலைகளை ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்து ஒரு நிறத்தை மட்டும் ஒரு திசையில் அனுப்புகின்றன.

இந்த ஜொலிப்பே ஒரு காலத்தில் இப்பறவைக்கு யமனாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீமாட்டிகளுடைய தொப்பிகளை அலங்கரிப்பதற்காக இவற்றின் தோல்கள் லண்டன் ஏலக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை போயின. ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவை நூலார் பதப்படுத்திய உடல்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி 1851-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் பொருட்காட்சி நடத்தினார். அவரே உயிருள்ள ரீங்காரச் சிட்டு ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் கண்டது 1857-ல், பிலடெல்பியா நகரத்துத் தோட்டம் ஒன்றில்தான். செத்த பறவையைச் சேகரிப்பதிலிருந்து உயிருள்ள பறவைக்குக் குப்பி கட்டுவதற்கு மனிதகுலம் வந்து சேர்ந்ததை நான் சிறிய முன்னேற்றமென்று கருதவில்லை.

குப்பியின் சரித்திரமும் சுருக்கமாகச் சொல்லத் தக்கதே. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் கரோலின் சோல் என்ற அம்மையார் கெட்டிக் காகிதத்தில் எக்காள வடிவப் பூ ஒன்றைச் செய்து வர்ணம் தீட்டி, அதனுள் சிறு சீசாவைப் பொருத்திச் சர்க்கரை நீர் ஊற்றிச் சிட்டுகளை வரவழைத்த செய்தியை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதி வெளியிட்டார். 1928-ல் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை பலருக்கும் இந்த ஆவலை மூட்டிற்று. அவர்களுள் ஒருவரான லாரன்ஸ் வெப்ஸ்டர் கண்ணாடிக் குப்பி ஒன்றுக்குத் தாமே திட்டம் வகுத்துச் செய்வித்தார். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் ஹெரால்டு எட்ஜர்ட்டன், நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்னொளியைப் பாய்ச்சி, குப்பிக்கு வந்த சிட்டுகளைப் படம் பிடித்தார். வெறும் மங்கலாகவே அதுவரை தெரிந்த சிறகு அப்படங்களில் ஒவ்வொரு இறகும் எண்ணத்தக்கதாக நின்றது. 1950-ஐ ஒட்டி இத்தகைய குப்பிகள் கடைக்கு வந்துவிட்டன.

மங்கலாகத் தெரிந்த அந்தச் சிறகு ஒரு நொடியில் சுமார் 50 தடவை அடிக்கிறது. மிகச் சிறிய வகைகளில் 80 தடவை வரையிலும் அடிப்பதுண்டு. மற்றப் பறவைகள் சிறகைக் கீழே தள்ளும்போதுதான் உடலைத் தாங்கும் பலத்தைப் பெறுகின்றன. மேலே தூக்கும்போது மடக்கிக்கொள்கின்றன. ரீங்காரச் சிட்டோ, தோளிலிருந்து சிறகை முழுவதும் புரட்டி, முன்னும் பின்னும் படுத்த நிலையில் எட்டுப் போட்டுக்கொண்டு, இரு வீச்சிலும் காற்றை அழுத்துகிறது. அதன் பாரத்தில் முக்கால் பங்கை முன்வீச்சும் கால் பங்கைப் பின்வீச்சும் சுமக்கின்றன என்பதை 2005-ல் வாரிக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், சிறகு கிளப்பும் காற்றுச் சுழல்களை அளந்து நிரூபித்தார்கள். அந்தரத்தில் அசையாமல் நிற்பதும், திரும்பாமலே பின்னோக்கிப் பறப்பதும் இதனால்தான் கைகூடுகின்றன.

இவ்வித்தைக்குக் கொடுக்கும் விலை பெரிது. பறக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது. தன் எடையளவோ அதற்கு மேலோ தேன்நீரைத் தினந்தோறும் குடித்தாலன்றி உயிர் தரிக்காது. குடித்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேமித்து அப்புறம் செலவிடுவதற்கெல்லாம் பொறுமையில்லாமல், சற்று முன் உட்கொண்டதையே தசைகள் நேரே எரித்துவிடுகின்றன. அப்படியானால் ஆகாரமில்லாத இரவில் என்ன செய்யும்? குளிர் மிகுந்து கையிருப்புக் குறைந்த இரவுகளில் அது ஒருவித ஜடநித்திரையில் ஆழ்ந்துவிடுகிறது. சாதாரணமாக 40 டிகிரியை ஒட்டி நிற்கும் உடல் உஷ்ணம் இறங்கிக்கொண்டே போய், இதயத் துடிப்பும் மூச்சும் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறத்தக்க அளவுக்கு அடங்கிவிடும். பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் ஒரு வகைச் சிட்டின் உடல் 3.3 டிகிரி வரையில் குளிர்ந்ததை 2020-ல் பதிவு செய்திருக்கிறார்கள். விடியுமுன் உடலைச் சிலிர்த்துச் சிலிர்த்துச் சூடேற்றிக்கொண்டு எழுந்த பறவைக்கு முதல் வேலை சாப்பாடு. அதிகாலையிலும் அந்தி சாயும் வேளையிலும் குப்பி காலியாக இருக்கக்கூடாது என்று அனுபவஸ்தர்கள் சொல்லுவது இதனால்தான்.

இனிச் சர்க்கரையின் விஷயம். பறவைகளின் முன்னோர்களிடமே இனிப்பை உணரும் அங்கம் தொலைந்து போய்விட்டது; கோழிக்கு இனிப்பு என்ற ருசியே இல்லை. அப்படியிருக்கத் தேனையே நம்பி வாழும் பறவைக்கு அந்த ருசி எங்கிருந்து வந்தது? மாட் பால்டுவின் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் 2014-ல் இதற்கு விடை கண்டார்கள். மாமிசம் போன்றவற்றின் ருசியை அறிவதற்கு ஏற்பட்ட நாக்கின் உணர்வுக் கருவி ஒன்று, ரீங்காரச் சிட்டின் வம்சத்தில் காலப்போக்கில் மாறுதலடைந்து, சர்க்கரையை உணருவதாக ஆகிவிட்டது. இரவல் கருவியாகையால் நம்முடைய நாக்கை ஏமாற்றும் செயற்கை இனிப்புகளில் பல அதனை ஏமாற்றுவதில்லை. ஏமாற்றினாலும் அவற்றில் எரிபொருள் இல்லை. நீரிழிவுக்காரர்களுக்கு உபகாரமான மாத்திரை சிட்டுக்குப் பட்டினியாகும்.

சிட்டுகள் விரும்பும் மலர்களின் தேன்நீரில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையே, நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்ற வீதத்தில் இருக்கிறது. ஒரு பங்குக்கு நான்கு பங்கு என்ற கணக்கு ஏறக்குறைய இதற்கே வந்து சேர்கிறது. பாகு காய்ச்ச வேண்டியதில்லை. வெள்ளைச் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் போதும். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இரும்புச் சத்து இருக்கிறது. நமக்கு அது குணம், நாளெல்லாம் அதையே குடிக்கும் 3 கிராம் பிராணிக்கு அது மிதமிஞ்சிப் போகக்கூடும். தேனை நீர் விட்டுக் கலக்கினால் வெகு சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமோ முற்றிலும் அநாவசியம். குப்பியின் மூடியோ அடித்தட்டோ சிவப்பாக இருந்தால் அதுவே போதிய அழைப்பு. சிட்டுகள் சிவப்பின்மேல் பிறவி மோகம் கொண்டவை என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியாதாகையால் சிவந்த மலர்களில் தேன் மிச்சமிருக்கும். அதை அனுபவத்தில் கண்டுகொண்டு சிட்டுகள் அந்நிறத்தைத் தேடுகின்றன. நாம் காணவியலாத ஊதா கடந்த ஒளியையும் அவை காண்கின்றன. அவற்றின் கண்ணில் நம் தோட்டம் எத்தனை வர்ணமாக இருக்குமென்று நம்மால் கற்பனை செய்யவும் இயலாது.

சர்க்கரை நீர் வெயிலில் புளித்துச் சாராயமாகும் என்பதை நாம் அறிவோம். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் டட்லியின் குழுவினர் இதையே ஒரு பரிசோதனையாகச் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் கலந்த சர்க்கரை நீரைச் சிட்டுகள் வித்தியாசம் பாராட்டாமல் குடித்தன. இரண்டு பங்கானதும் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டன. அளவறிந்து நிறுத்தும் இந்த விவேகத்தை நம்பிக் கழுவாமல் விட்டுவிடலாகாது. கோடையில் இரண்டு நாளைக்கொரு முறையும், அனல் வீசும் நாட்களில் தினமும், பழைய நீரைக் கொட்டிவிட்டு, வெந்நீரும் வினிகரும் விட்டு, மூலை முடுக்கெல்லாம் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் கலங்கியோ கருத்த புள்ளிகள் படிந்தோ இருக்குமானால், மேலே ஊற்றி நிரப்புவது உபசாரமல்ல.

குப்பியருகே நின்று பார்க்கிறவர்கள் அலகு துளைக்குள் போவதையும் ஒரு நீர்க்குமிழி மேலே எழும்புவதையுந்தான் காண்பார்கள். உண்மையான வேலை உள்ளே நடக்கிறது. அந்த நாக்கு நீளமானது, வெண்மையானது, நுனியில் இரண்டாகப் பிளந்தது; ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் மெல்லிய சவ்வு குஞ்சம்போல் கத்தரித்திருக்கும். தாளில் மை ஏறுவதுபோல் தேன் தானே நாக்கில் ஏறுகிறதென்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நூல்கள் சொல்லிவந்தன. ரிக்கோ கெவாரா, ரூபேகா என்ற இருவர், கண்ணாடிக் குப்பிகளில் நாக்கை வெகு வேகமான படக்கருவியால் பிடித்து, 2011-ல் அது அப்படியன்று என்று காட்டினார்கள். நாக்கு திரவத்துக்குள் நுழைந்ததும் குஞ்சங்கள் தாமே விரிகின்றன. வெளியே இழுக்கும்போது தாமே சுருண்டு, ஒரு துளியைச் சிறைபிடித்துக்கொண்டு வருகின்றன. அலகு நாக்கைத் தட்டையாக நசுக்கி அனுப்புவதும், தேனைத் தொட்டவுடன் அது உப்பி நிரம்புவதும் 2015-ல் தெரியவந்தன. இத்தனையும் ஒரு நொடிக்குள் பத்துப் பதினைந்து தடவை.

எங்கே தொங்கவிடுவது என்பதற்கும் சில வார்த்தைகள். நிழலில் இருந்தால் நீர் தாமதமாகக் கெடும். ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது வெகு தூரத்தில் இருக்கட்டும். இடைப்பட்ட தூரத்தில் கட்டினால் கண்ணாடியில் தெரியும் ஆகாயத்தை நிஜமென்று நம்பி முழு வேகத்தில் மோதிச் சாகும். எறும்பைத் தடுக்கக் குப்பிக்கு மேலே தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கோர்த்துவிட்டால் போதும். எண்ணெய் தடவக்கூடாது, இறகில் ஒட்டிக்கொள்ளும். குப்பியின்மேல் பெரிய கும்பிடுபூச்சி உட்கார்ந்திருக்கக் கண்டால் எடுத்து அப்பால் விட்டுவிடுங்கள். பூச்சி பறவையைப் பிடித்துத் தின்னும் என்பது நம்பத்தகாததாகத் தோன்றினாலும் அமெரிக்கத் தோட்டங்களில் அது பலமுறை படம்பிடிக்கப்பட்ட செய்தி.

இவ்வளவு செய்தும் தீராத தொல்லை ஒன்று உண்டு. அது அதே இனத்தைச் சேர்ந்த ஆண்தான். ஓர் ஆண் சிட்டு குப்பி முழுவதையும் தன் பிதுரார்ஜிதமாகப் பாவித்து, பக்கத்துக் கிளையில் காவலிருந்து, வருகிற ஒவ்வொன்றையும் கீச்சிட்டுக்கொண்டு துரத்தும். துரத்துவதிலேயே குடித்ததையெல்லாம் செலவழித்துவிட்டு மறுபடி வந்து குடிக்கும். ஒரு மலரில் எடுத்த தேன் மீண்டும் ஊறச் சற்று நேரமாகும் காட்டில் இந்தக் காவலுக்கு அர்த்தம் உண்டு. செம்பழுப்புச் சிட்டுகள் எந்த மலரைக் குடித்தோம், அது எத்தனை நிமிஷத்தில் நிறையும் என்பதைக்கூட நினைவில் வைத்திருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வற்றாத குப்பியிடம் அந்தக் கணக்கு செல்லாது என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒன்றை ஒன்று பார்க்கவொண்ணாதபடி வீட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு குப்பிகள் கட்டுவதே யுக்தி.

குப்பி கட்டுவது இயற்கையில் தலையிடுவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆன்னா சிட்டு என்ற வகை முன்பு கலிபோர்னியாவின் ஒரு பகுதியிலும் அதற்குத் தெற்கிலுமே குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. அயல்நாட்டு மரங்களை ஜனங்கள் நட்டதாலும் குப்பிகள் பெருகியதாலும் வடக்கே வடக்கே நகர்ந்து, இன்று கனடாவின் மேற்குக் கடற்கரையில் பனிக்காலத்தையும் கழிக்கிறது. இப்பரவலுக்கும் நகரங்களுக்கும் குப்பிகளுக்கும் உள்ள தொடர்பை 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. குப்பிகள் மலிந்த இடங்களில் இதன் அலகே தலைமுறைகளில் நீண்டு கூர்மையாகியிருக்கிறது என்று 2025-ல் மற்றொன்று சொல்லுகிறது. ஆகவே தலையிடுகிறோம் என்பதில் சந்தேகமில்லை. அது தீமையென்று தீர்ப்புச் சொல்ல மட்டும் இதுவரை கண்டவை போதா. என் அபிப்பிராயத்தில் குற்றம் குப்பியில் இல்லை. குப்பியே போதுமென்று எண்ணித் தோட்டத்தை மறப்பதில் இருக்கிறது.

ஏனெனில் சர்க்கரை எரிபொருள் மாத்திரமே, சதை வளர்க்காது. கொசு, சிறு ஈ, அசுவினி, சிலந்தி இவற்றையெல்லாம் பிடித்துத் தின்றே சிட்டு புரதத்தைப் பெறுகிறது. தாய் தன் குஞ்சுகளுக்கும் அவற்றையே ஊட்டுகிறது. தாய் என்றே சொல்ல வேண்டும். தகப்பனுக்குக் கூடு எங்கேயிருக்கிறதென்பதும் தெரியாது. அந்தக் கூடு பாதி அக்ரூட் கொட்டையளவே இருக்கும். செடிகளின் பஞ்சைச் சிலந்தி நூலால் இறுக்கிக் கிண்ணமாக்கி, வெளிப்புறத்தில் மரப்பாசித் துணுக்குகளை ஒட்டிவிட, அது கிளையில் ஒரு முடிச்சுப்போலவே தோன்றும். உள்ளே மொச்சைக் கொட்டையளவுள்ள இரண்டு வெள்ளை முட்டைகள். இரண்டு வாரத்தில் பொரித்து, மூன்று வாரத்தில் பறக்கத் தயாராகும் குஞ்சுகள் பருக்கப் பருக்க, சிலந்தி நூல் நெகிழ்ந்து கூடும் அகன்று கொடுக்கிறது. ஆகையால் பூச்சி மருந்து அடித்துச் சிலந்தியைத் துடைத்தெறிந்த தோட்டத்தில் எத்தனை குப்பி கட்டினாலும் குடும்பம் நடவாது. எக்காள மலர்க்கொடி, சிவந்த கார்டினல் பூ, பவள நிறத் தேன்கொடி போன்ற அந்நாட்டுச் செடிகளை நடுவது குப்பியைவிட நீண்ட உபகாரம். அவற்றைக் கழுவவும் வேண்டியதில்லை. பூக்கள் மலருமுன் வடக்கே வந்துவிடும் சிட்டுகளுக்கு ஒருவகை மரங்கொத்தி, மரப்பட்டையில் வரிசையாகத் துளையிட்டுச் சாறு வடியவிட்டு, குப்பி கட்டும் மனிதனுக்கு முந்தியே உபசாரம் செய்துவருகிறது.

தென் அரிஸோனாவில் கோடை முடிவில், மாலையில் நிறைத்த குப்பி விடிவதற்குள் துளியில்லாமல் வற்றியிருப்பதுண்டு. திருடன் வௌவால். கள்ளிப் பூக்களிலும் கற்றாழைப் பூக்களிலும் தேனுண்டு மகரந்தம் பரப்பும் அந்த வௌவால்கள், தெற்கே போகும் வழியில் இரவெல்லாம் குப்பியை மொய்க்கின்றன. சிலர் இதற்காகக் குப்பியை இரவில் உள்ளே எடுத்து வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் அரை கிலோ சர்க்கரைக்கு இவ்வளவு அரிய விருந்தாளியை இழப்பது லாபமாகத் தோன்றவில்லை.

இலையுதிர் காலம் நெருங்கும்போது, குப்பியை எடுத்துவிடாவிட்டால் பறவைகள் பிரயாணத்தை மறந்து தங்கிப் பனியில் மடியுமென்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். பகற்பொழுது குறுகுவதைக் கண்டே அவற்றின் உடல் யாத்திரைக்குத் தயாராகிறது. 3 கிராம் எடை ஏறத்தாழ இரு மடங்காகும் வரையில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மாணிக்கக் கழுத்துச் சிட்டுகள் பல மெக்ஸிகோ வளைகுடாவின் 800 கிலோமீட்டர் கடலை எங்கும் இறங்காமல் சுமார் 20 மணி நேரத்தில் கடக்கின்றன. புறப்படுமுன் நிறைத்துக்கொள்ளக் குப்பி உதவுமே தவிர, கட்டிவைக்காது. கடைசியாக ஒரு சிட்டைப் பார்த்த நாளுக்குப் பின்னும் இரண்டு வாரம் குப்பி தொங்கட்டும். கனடாவிலிருந்து பிந்தி வரும் இளங்குஞ்சுகள் வழியில் இறங்கக்கூடும். பிறகு நன்றாகக் கழுவி உலர்த்தி உள்ளே வையுங்கள். வளைகுடாக் கரையில் வசிப்பவர்கள் மட்டும் அதையும் செய்ய வேண்டாம்; வடமேற்கிலிருந்து வரும் செம்பழுப்புச் சிட்டுகள் சில, பனிக்காலத்தை அங்கேயே கழிக்கின்றன.